இரண்டு அமாவாசைக்கு நடுவே

செங்கோட்டை பாசஞ்சரில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் எனக்கு முறுக்கு வேண்டாம், கடலை மிட்டாய் வேண்டாம். பேட்டை ஸ்டேஷன் தாண்டியதும் வயல்கள் தொடங்கும். தண்டவாளத்தை ஒட்டி நிற்கிற தந்திக் கம்பங்கள் விருட்விருட்டென்று பின்னால் ஓடும். அதற்கு அந்தப் பக்கம் பனைகள் கொஞ்சம் நிதானமாகப் பின்வாங்கும். வயலுக்கு நடுவே ஒற்றையாக நிற்கும் சுடலைமாடன் பீடம் இன்னும் மெதுவாக நகரும். எல்லாவற்றுக்கும் பின்னால் நீலமாக நிற்கிற பொதிகை மட்டும் நகராது. சேரன்மகாதேவி போகும், வீரவநல்லூர் போகும், மலை எங்களோடே வந்துகொண்டிருக்கும். "நம்மளக் கொண்டு விட வருது" என்பாள் அம்மா. கல்லிடைக்குறிச்சியில் இறங்குகிற வரைக்கும் எனக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது.

தாத்தாவுக்குப் போதவில்லை. அவர் சர்வே இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, சர்வேயர் ஐயாதான். அண்ணன் தம்பிக்குள் வரப்புத் தகராறு என்றால் தாலுகா ஆபீசுக்குப் போவதற்கு முன்னால் எங்கள் திண்ணைக்குத்தான் வருவார்கள். பட்டாசலில் ஓர் ஆணியில் பழைய அளவுச் சங்கிலி தொங்கும். 66 அடி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஓர் ஏக்கர், ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட் என்று வாய்ப்பாடு மாதிரி எங்களிடம் ஒப்பிக்கச் சொல்லுவார். மெட்ரிக் அளவு வந்த பிறகு அந்தச் சங்கிலிக்கு வேலையில்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு தடவை தேங்காய் எண்ணெய் போட்டுத் துடைத்து மாட்டுவார்.

மலை கூடவே வந்த கதையை நான் சொன்னதும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

"வண்டியில போகும்போது எது வெரசா ஓடுதோ அது கிட்ட இருக்கு. எது ஓடாம நிக்குதோ அது தூரத்துல இருக்கு. சரியால?"

"சரி தாத்தா."

"அப்போ எது எவ்வளவு ஓடுதுன்னு அளந்துட்டா, எது எவ்வளவு தூரத்துல இருக்குன்னு சொல்லிரலாம்லா? கிட்டப் போயி சங்கிலி பிடிக்க வேண்டாம்லா?"

அந்தக் கோடை லீவு முழுக்க இதுதான் எங்களுக்கு விளையாட்டு. ஒரு பலகையில் என்னுடைய பாகைமானியை ஒட்டி, நடுவில் ஓர் ஆணியடித்து, அதில் சுழலுகிற மாதிரி ஒரு மரச் சட்டத்தைப் பொருத்தினார். சட்டத்தின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு குண்டூசி. ஒற்றைக் கண்ணை மூடி, இரண்டு ஊசியும் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற மாதிரிப் பார்த்தால் அதுதான் பார்வைக் கோடு. அதைத் தூக்கிக்கொண்டு தாமிரபரணிக்குப் போனோம். எதிர்க் கரையில் ஒரு மருதமரத்தைக் குறி வைத்தோம். இந்தக் கரையில் ஆற்றோட்டத்துக்கு இணையாகச் சங்கிலியை இழுத்துப் போட்டு, ஒரு முனையில் நான், மறு முனையில் பெரியம்மா மகள் அக்கா. இருவரும் அதே மரத்தைப் பார்த்துக் கோணத்தைச் சொல்ல, தாத்தா வரைதாளில் அளவுக்குத் தக்கபடி கோடு போட்டார். இரண்டு கோடும் வெட்டிக்கொண்ட இடத்தில் மரம். தாளில் ஸ்கேலை வைத்துப் பார்த்து ஆற்றின் அகலத்தைச் சொன்னார். மாமா கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு நீந்திப் போய் மரத்தில் கட்டி இழுத்துப் பார்த்தார். கயிற்றுக்கும் காகிதத்துக்கும் வித்தியாசம் ஓர் ஆள் நீளம்கூட இல்லை.

அடுத்தது மலை. ஒரு முகட்டில் துருத்திக்கொண்டிருக்கும் பாறையைக் குறி வைத்து, குளத்துக் கரையின் இரண்டு முனையில் இருந்தும் கோணம் பார்த்தோம். ஒரு தடவை ஏழு மைல் வந்தது. இன்னொரு தடவை பத்து மைல் வந்தது. அக்கா என்னைக் குறை சொன்னாள், நான் அக்காவைச் சொன்னேன். தாத்தா எங்கள் இருவர் கணக்கையும் வாங்கிப் பார்த்தார். இரண்டு பேருடைய கோணங்களும் அரை டிகிரிக்குள்தான் மாறியிருந்தன.

"ஆள் மேல தப்பில்ல. முக்கோணம் ஒல்லியாயிட்டு. ஒல்லியானா பொய் சொல்ல ஆரம்பிச்சிரும். கோணத்துல நூல் பிசகுனா தூரத்துல மைல் கணக்குல பிசகும். ஒண்ணு, கருவிய நல்லதாக்கணும். இல்ல, அடிக்கோட்டப் பெருசாக்கணும்."

அடிக்கோடு என்று அவர் சொல்லும்போது குரலில் ஒரு பயபக்தி வரும். எந்தக் கோணத்தையும் எத்தனை தடவை வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அடிக்கோடு பிசகினால் அதன்மேல் கட்டினதெல்லாம் போச்சு என்பது அவர் சித்தாந்தம். இதற்கு அவர் சொல்லும் சாட்சி லாம்டன் துரை. 1802-ல் வில்லியம் லாம்டன் இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கியது சென்னைப் பரங்கிமலையில். ஏழரை மைல் நீளமுள்ள முதல் அடிக்கோட்டை அளக்க 57 நாள் எடுத்துக்கொண்டார். வெயிலில் சங்கிலி நீளும் என்பதால் கூடாரத் துணியால் நிழல் கட்டி, வெப்பமானி வைத்து, மரப் பெட்டிகளில் சங்கிலியைக் கிடத்தி அளந்தார்கள். அந்தக் கோட்டில் தொடங்கி முக்கோணத்துக்கு மேல் முக்கோணமாக அடுக்கிக்கொண்டே போய், அவருக்குப் பின் வந்தவர்கள் இமயமலைச் சிகரங்களின் உயரம் வரைக்கும் கண்டுபிடித்தார்கள். 1808-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் அரை டன் எடையுள்ள தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி மோதி நெளிந்துபோனதையும், லாம்டன் கூடாரத்துக்குள் உட்கார்ந்து வாரக்கணக்கில் தட்டித் தட்டி அதைச் சரிசெய்ததையும் தாத்தா சொல்லும்போது, கயிறு பிடித்திருந்தவர்களில் ஒருவராகத் தானும் அங்கே நின்ற மாதிரி முகம் வாடும்.

ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் தட்டட்டியில் பாய் விரித்துப் படுப்போம். எங்கள் ஊரில் துருவ நட்சத்திரம் வடக்கே பனை உச்சியளவில்தான் இருக்கும். ஒன்பது டிகிரிகூடத் தேறாது. சர்வேயில் உண்மையான வடக்கு பார்க்க அதைக் குறி வைப்பார்களாம். அப்படித்தான் தாத்தாவுக்கு ஆகாயத்தோடு பழக்கம். ஆனால் எங்களுக்கு அவர் காட்டியது தெற்கு. மே மாதத்து ராத்திரி பத்து மணிக்கு மேல், மலைத்தொடருக்கு மேலே, அடிவானத்தில் இருந்து இருபது டிகிரி உயரத்தில் இரண்டு பிரகாசமான நட்சத்திரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அவற்றுக்கு மேற்கே தென்சிலுவை. இரண்டில் இடப்பக்கம் இருப்பது ஆல்பா சென்டாரி.

"சூரியனுக்கு அடுத்தபடியா நமக்குப் பக்கத்து வீடு அதுதான்" என்றார்.

"எம்புட்டு தூரம்?"

"பெருவிரல நீட்டுல."

நீட்டினேன். இடக்கண்ணை மூடு, வலக்கண்ணை மூடு என்று மாற்றி மாற்றிச் சொன்னார். விரல் நட்சத்திரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவியது. விரலை மூக்குக்குக் கிட்டக் கொண்டுவந்தால் பெரிய தாவல். கை நீள எட்டிப் பிடித்தால் சின்னத் தாவல். இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற இரண்டரை அங்குலம்தான் அடிக்கோடு என்று எனக்கே பிடிபட்டுவிட்டது. இதைத்தான் பள்ளிக்கூடத்தில் பிற்பாடு இடமாறு தோற்றம் என்று எழுதிப் போட்டார்கள். நான் அதை விரலால் முன்பே படித்திருந்தேன்.

நிலாவுக்கு அடிக்கோடாக இரண்டு ஊர் போதும் என்றார் தாத்தா. நிலா ரோகிணியை மறைக்கிற ராத்திரிகள் உண்டு. ஓர் ஊரில் முழுசாக மறைத்திருக்கும். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஊரில் ரோகிணி நிலாவின் விளிம்புக்கு வெளியே ஒதுங்கி நிற்கும். பார்க்கிற இடம் மாறியதால் நிலா தன் அகலத்தில் பாதிக்குமேல்கூட நகர்ந்துவிடுகிறது. சந்திரனுக்கு ரோகிணிமேல் மட்டும் ஏன் அத்தனை ஆசை என்கிற கதையை ஆச்சி நடுவில் புகுந்து சொன்னாள். அன்றைக்குக் கணக்கு அதோடு முடிந்தது.

நட்சத்திரத்துக்கு இரண்டு ஊர் பற்றாது. பூமியின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றாலும் பற்றாது. "பூமியே நடக்குதுல்லா? அது நம்மளத் தூக்கிட்டுப் போவுது, ரயில் மாதிரி. ஒரு பார்வை இப்பப் பாரு, ஆறு மாசம் கழிச்சு இன்னொரு பார்வை பாரு. நடுவுல முப்பது கோடி கிலோமீட்டர். மனுசனுக்கு அதுக்குமேல அடிக்கோடு கிடையாது."

அந்த வருஷம் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்தையன் கோயிலுக்குப் போகிற சாக்கில் ஊருக்கு வந்தோம். சாரல் மேகம் தெற்கை மூடிக்கொண்டிருந்தது. இருட்டினதும் கொஞ்ச நேரம் விலகிக் கொடுத்தது. அமாவாசை இருட்டில் இரண்டு நட்சத்திரமும் பளிச்சென்று தெரிந்தன. கை நீளத்தில் பிடித்த குச்சியில் இரண்டுக்கும் உள்ள இடைவெளியைப் பிளேடால் கீறி வைத்தேன். அடுத்தது தை அமாவாசை. விடியக் காலம் தாத்தா எழுப்பிவிட்டார். தர்ப்பணத்துக்கு ஆற்றுக்குப் போவதற்கு முன்னால், பனியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு அதே குச்சியை நீட்டினேன். கீறல் மேல் கீறல் அப்படியே பொருந்தியது. முப்பது கோடி கிலோமீட்டர் போயும் ஒரு மயிரிழை மாறவில்லை.

தாத்தா இதைத்தான் எதிர்பார்த்திருந்தார் என்று இப்போது தோன்றுகிறது. ஏனென்றால் உடனே, "இப்படிப் பாத்து ஒண்ணும் மாறலேன்னுதான் பெரிய பெரிய ஆளே பூமி நகரலேன்னு சொல்லிட்டான்" என்றார். அந்தப் பெரிய ஆள் டைக்கோ பிராகி. தொலைநோக்கி வராத காலத்தில் டென்மார்க்கில் இருந்து ஒரு கலை அளவுக்கு, அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்கு, நட்சத்திரங்களைக் குறித்தவர். பூமி சூரியனைச் சுற்றுவது நிஜமானால் நட்சத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை நகர்ந்து தெரிய வேண்டும், தெரியவில்லை, ஆகவே சுற்றவில்லை என்றார். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. நட்சத்திரம் அத்தனை தூரத்தில் இருக்க முடியும் என்பதைத்தான் அவரால் நம்ப முடியவில்லை.

எத்தனை தூரம் என்றால், ஒரு கலையை மறுபடி அறுபதாகப் பிரித்தால் ஒரு வில்விநாடி. ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் ஒருவன் கையில் பிடித்திருக்கிற ஒரு ரூபாய் நாணயம் நம் கண்ணில் விரிக்கிற கோணம் அவ்வளவுதான். மிக அருகில் இருக்கிற ஆல்பா சென்டாரிக்கே, சூரியனில் இருந்து பூமிவரை உள்ள அடிக்கோட்டுக்கு, அந்த நாணயத்தில் முக்கால் பங்குதான் நகர்வு. வானியலாளர்கள் ஆறு மாதத்து முழு நகர்வில் பாதியைத்தான் கணக்கில் எடுப்பார்கள். என் குச்சியிலோ பிளேடு கீறலின் கனமே பல பத்து வில்விநாடி இருந்திருக்கும்.

இந்த ஒல்லி முக்கோணத்தைப் பிடிக்க 1838 வரை ஆயிற்று. நடுவில் தேடினவர்கள் வேறு வேறு புதையல்களோடு திரும்பினார்கள். 1728-ல் ஜேம்ஸ் பிராட்லி ஒரு நட்சத்திரம் வருஷம் முழுக்க அசைவதைக் கண்டார். அது இடமாறு தோற்றம் இல்லை, பூமி ஓடுவதால் ஒளி சாய்ந்து விழுவது போலத் தெரிவது. ஆனால் டைக்கோ கேட்ட சாட்சி அதிலேயே கிடைத்துவிட்டது. பூமி ஓடத்தான் செய்கிறது. வில்லியம் ஹெர்ஷல் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற நட்சத்திர ஜோடிகளை வைத்து முயன்றார். அவற்றில் சில ஒன்றையொன்று சுற்றி வருகிற நிஜ ஜோடிகள் என்று தெரிந்தது.

கடைசியில் பிடித்தவர் ஃப்ரீட்ரிஷ் பெஸ்ஸல். பிரெமன் நகரத்து ஏற்றுமதிக் கம்பெனியில் பதினான்கு பதினைந்து வயதில் கணக்குப் பிள்ளையாகச் சேர்ந்து, கப்பல் வழி அறிய வேண்டி வானியல் படித்து, கோனிக்ஸ்பெர்க் ஆய்வகத்துக்கு இயக்குநராகப் போனவர். மற்றவர்கள் பிரகாசமான நட்சத்திரம்தான் அருகில் இருக்கும் என்று நினைத்தபோது, அவர் மங்கலான 61 சிக்னியைத் தேர்ந்தெடுத்தார். அது வருஷத்துக்கு ஐந்து வில்விநாடிக்கு மேல் வானத்தில் நகர்ந்துகொண்டிருந்தது. வெரசா ஓடுவது கிட்டே இருக்கும் என்கிற அதே ரயில் ஜன்னல் நியாயம். கருவி ஃப்ரான்ஹோஃபர் பட்டறையில் செய்த ஹீலியோமீட்டர். அதன் முன் லென்ஸை நட்டநடுவில் இரண்டாக வெட்டியிருப்பார்கள். ஒரு பாதி 61 சிக்னியையும் மறு பாதி அதன் அருகில் தெரிகிற, ஆனால் வெகு தூரத்தில் இருக்கிற மங்கல் நட்சத்திரத்தையும் காட்டும். திருகைச் சுழற்றி இரண்டு பிம்பமும் ஒன்றாகும்வரை பாதிகளை நகர்த்தினால், எத்தனை சுற்றுச் சுற்றினோமோ அது இடைவெளி. ஒரு வருஷத்துக்கும் மேலாக அளந்து 0.314 வில்விநாடி என்று அறிவித்தார். இன்றைய அளவு 0.286. தூரம் 11.4 ஒளியாண்டு. அதே ஆண்டுகளில் இதே மனிதர் கிழக்குப் பிரஷ்யாவில் நிலத்தையும் முக்கோணம் முக்கோணமாக அளந்துகொண்டிருந்தார் என்பதை வெகு காலம் கழித்துத்தான் படித்தேன். தாத்தாவுக்குத் தெரிந்திருந்தால் அளவுச் சங்கிலிக்குப் பக்கத்தில் இவர் படத்துக்கு இன்னொரு ஆணி அடித்திருப்பார்.

எங்கள் தெற்கத்தி நட்சத்திரத்தின் கதையில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஆல்பா சென்டாரி ஐரோப்பாவின் பெரிய ஆய்வகங்கள் எதில் இருந்தும் உதிப்பதே தெரியாது. எங்கள் தட்டட்டிக்கு வருகிற நட்சத்திரம் டைக்கோவுக்கு வந்ததில்லை. அது ஒன்றல்ல, இரட்டை என்று 1689 டிசம்பரில் தொலைநோக்கியில் கண்டவர் ஷான் ரிஷோ என்கிற ஏசு சபைப் பாதிரியார். ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்க்கப் போய் இதைக் கண்டார். கண்ட இடம் புதுச்சேரி. தூரத்தை அளந்தவர் தாமஸ் ஹென்டர்சன். ஸ்காட்லாந்தில் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து, கண்பார்வை மோசமான நிலையிலும் வானியலுக்கு வந்தவர். 1832, 33-ல் நன்னம்பிக்கை முனையில் அளந்துவிட்டு ஊர் திரும்பி, கணக்கு முடித்து வெளியிட்டது 1839 ஜனவரியில். பெஸ்ஸல் முந்திக்கொண்டுவிட்டார். அளவு முதலில் கையில் இருந்தது ஹென்டர்சனிடம். ஆனாலும் நான் பெஸ்ஸல் பக்கம்தான். ஹென்டர்சன் ஒரு வில்விநாடிக்கு மேல் சொன்னார், நிஜம் முக்கால்தான். பெஸ்ஸலுடைய பிசகு பத்தில் ஒரு பங்கு.

கோணம் கிடைத்தாயிற்று. ஆனால் தாத்தாவின் பயபக்திக்குரிய அடிக்கோடு? பூமியில் இருந்து சூரியன்வரை எத்தனை கிலோமீட்டர் என்று தெரியாவிட்டால் எல்லாமே வெறும் விகிதம்தான். அதற்காகத்தான் வெள்ளி சூரியனைக் கடக்கிற அபூர்வமான நாளில், உலகத்தின் பல மூலைகளில் ஆள் நிறுத்தி அளந்தார்கள். அப்படிப் புறப்பட்டவர்களில் ஒருவர் கியோம் லெ ஷான்தி. பிரான்சில் இருந்து 1760-ல் புதுச்சேரிக்குக் கிளம்பினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்துவிட்டது. 1761 ஜூன் 6 அன்று ஆகாயம் தெளிவாக இருந்தது, அவர் நின்றதோ நடுக்கடலில் ஆடுகிற கப்பலில். அந்த ஆட்டத்தில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. எட்டு வருஷம் கழித்து மறுபடி வெள்ளி கடக்கும் என்று இந்தப் பக்கமே தங்கிவிட்டார். 1768-ல் புதுச்சேரி வந்து, இடிந்த கோட்டைப் பக்கம் ஆய்வகம் கட்டி, தமிழர்கள் கிரகணம் கணிக்கிற முறையைக் கற்றுக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 அதிகாலையில், வெள்ளி கடக்கிற நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. ஊர் திரும்பினால் அவர் செத்துப்போனதாக அறிவித்து, சொத்தைப் பங்கு போடப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சிரிப்புக் கதையாகத்தான் சொல்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்து நிற்க வந்த ஆள் அவர். அவர் முனை நழுவினாலும் மற்ற முனைகளைப் பிடித்தவர்கள் இருந்தார்கள். அந்த அளவுகளில் இருந்து பிரெஞ்சு வானியலாளர் லலாந்து 15.3 கோடி கிலோமீட்டர் என்று கணக்கிட்டார். இன்று நாம் சொல்வது 14.96 கோடி. இதை 2,06,265-ஆல் பெருக்கினால், ஒரு வில்விநாடி நகர்கிற நட்சத்திரத்தின் தூரம்: சுமார் 31 லட்சம் கோடி கிலோமீட்டர், 3.26 ஒளியாண்டு. 1913-ல் ஹெர்பர்ட் ஹால் டர்னர் இதற்குப் பார்செக் என்று பேர் வைத்தார். ஆல்பா சென்டாரி 1.34 பார்செக், 4.4 ஒளியாண்டு.

பள்ளிக்கூட லீவில் எனக்கு இந்த எண்கள் எதுவும் தெரியாது. எனக்கு வேண்டியிருந்தது வேறு. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் இருந்ததே, அது அது எத்தனை தூரம்? தாத்தா கார்த்திகை, ஆச்சி கேட்டை, அம்மா சுவாதி, அக்கா திருவோணம், நான் திருவாதிரை. தாத்தா ஒவ்வொன்றாக ஆகாயத்தில் காட்டினார். தூரம் மட்டும் சொல்லவில்லை. "எல்லாத்தையும் இன்னும் அளந்து முடியல" என்றார். கேட்டையில் பிறந்த பெண் மூத்தாருக்கு ஆகாது என்று கல்யாணத்தின்போது ஆச்சியைப் படுத்தியெடுத்திருக்கிறார்கள். கேட்டையைக் காட்டும்போது தாத்தா, "அங்கன இருந்துக்கிட்டு எங்க அண்ணனை என்னத்தப் பண்ணப் போவுது அது" என்று ஆச்சிக்குக் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஆச்சி, "இப்பச் சொல்லுங்க. அன்னைக்குத் தாலி கட்டுகவரைக்கும் வாயத் திறக்கலயே" என்றாள்.

தாத்தா சொன்னது உண்மைதான். தரையில் இருந்து பார்த்தால் காற்று நட்சத்திரத்தை ஆட்டிக்கொண்டே இருக்கும். அதனால் நூறு இருநூறு ஒளியாண்டுக்கு அப்பால் அளவு தள்ளாடும். அதைத் தாண்ட ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் 1989 ஆகஸ்டில் ஹிப்பார்கோஸ் செயற்கைக்கோளை அனுப்பியது. மேலே ஏற்ற வேண்டிய மோட்டார் எரியாமல், அது தவறான நீள்வட்டத்திலேயே மாட்டிக்கொண்டது. அப்படியும் விடாமல் அளந்து 1,18,218 நட்சத்திரங்களின் பட்டியலை 1997-ல் கொடுத்தது. அம்மாவின் சுவாதி 37 ஒளியாண்டு. அக்காவின் திருவோணம் 16.7. அது கிட்டத்தட்டத் தெருமுனை.

தாத்தாவின் கார்த்திகைதான் வம்பில் மாட்டியது. ஹிப்பார்கோஸ் அந்தக் கூட்டத்துக்குச் சுமார் 390 ஒளியாண்டு என்றது. அதற்கு முன் வேறு வழிகளில் கணக்குப் போட்டவர்கள் 435 என்றார்கள். யார் சொல்வது சரி என்று பல வருஷம் வரப்புத் தகராறு நடந்தது. ஹிப்பார்கோஸ் சரியென்றால், நட்சத்திரங்கள் எரிகிற விதம் பற்றிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்ததைத் திருத்த வேண்டியிருந்திருக்கும். 2014-ல், கண்டம் தாண்டிப் பரந்து நிற்கிற ரேடியோ தொலைநோக்கிகளை ஒன்றாக்கி அளந்து 444 என்றார்கள். பிறகு கையா செயற்கைக்கோள் வந்தது. 2013 டிசம்பரில் ஏவி, பூமியில் இருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிறுத்தி, 2025 ஜனவரிவரை அளந்தார்கள். அதுவும் ஹிப்பார்கோஸ் பக்கம் சாயவில்லை. கையாவின் நல்ல அளவுகளில் பிசகு ஒரு வில்விநாடியில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்குதான். 146 கோடிக்கும் மேற்பட்ட நட்சத்திரங்களுக்கு இடமாறு தோற்றம் கொடுத்திருக்கிறது. அடிக்கோடு மட்டும் அதே பழைய முப்பது கோடி கிலோமீட்டர்தான். மாறினதெல்லாம் கருவி.

அடுத்தது என் திருவாதிரை. கையா அளந்த கோடிகளில் அது இல்லை. கையாவின் கண்ணுக்கு அது அளவுக்கு மீறிய வெளிச்சம். ஹிப்பார்கோஸ் அளந்தது, ஆனால் நம்ப முடியவில்லை. திருவாதிரை பூதாகாரமான நட்சத்திரம்; ஆகாயத்தில் அதன் வட்டு விரிகிற கோணம் அதன் நகர்வைவிடப் பல மடங்கு பெரிது. போதாததற்கு அதன் மேற்பரப்பு கொதித்துக் கொதித்து, வெளிச்சத்தின் நடுப்புள்ளி இங்குமங்கும் அலைகிறது. நகர்ந்தது பூமியா, கொதிப்பா என்று பிரிப்பது கடினம். ஹிப்பார்கோஸ் 1997-ல் சொன்னது சுமார் 430 ஒளியாண்டு. 2008-ல் ரேடியோ அளவுகளையும் சேர்த்து 640 என்றார்கள். 2017-ல் 724. 2020-ல் நட்சத்திரத்தின் துடிப்பை வைத்து வேறு விதமாகக் கணக்கிட்டு 548.

போன திருவாதிரைக் களிக்கு அக்காவுக்குப் போன் செய்தபோது, இதையெல்லாம் அவளிடம் விவரமாகச் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எனக்கெல்லாம் பதினாறே முக்கால்னு கல்லு நட்டாச்சு. உன் இடத்துக்கு இன்னும் பட்டாவே வரலியால?" என்றாள்.